காத்து நிற்கும் கணிப்பொறி

முன்னாட்களில் ஒவ்வோர் இல்லத்திலும் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. வீட்டுப் பத்திரங்கள், திருமணப் புகைப்படங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், வெளியூர் சென்ற மகன் எழுதிய கடிதங்கள் ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருந்தன. இன்று அப்பெட்டியின் இடத்தை உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி ஒன்று பிடித்துக்கொண்டது. ‘எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்’ என்று கடைகளில் வழங்கப்பெறும் அவ்வன்தட்டினைக் கேபிள் வழியாகக் கணிப்பொறியில் இணைத்தால், பல ஆண்டுகளின் குடும்ப வரலாறு திரையில் விரிய வேண்டும். ஆயினும் சில வேளைகளில் அது விரிவதில்லை. வன்தட்டினை இணைத்த மாத்திரத்தில் கணிப்பொறி அசைவற்று நின்றுவிடுகிறது. அம்புக்குறி நகர மறுக்கிறது. நகர்ந்தாலும் எதைத் தொட்டும் பயனில்லை. சிறு வட்டமொன்று சுழன்றுகொண்டே இருக்கிறது. கேபிளைப் பிடுங்கியதும் கணிப்பொறி உயிர்பெறுகிறது. மீண்டும் செருகினால் மீண்டும் உறைந்துபோகிறது.

இத்தகைய வேளையில் நம் இல்லத்தார் செய்வது யாது? பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்க்கின்றனர். பத்து முறை, இருபது முறை முயன்றபின், கணிப்பொறியில்தான் பழுது எனத் துணிந்து கடைக்கு எடுத்துச் செல்கின்றனர். அங்கே, ‘ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்’ என்ற விடை கிடைக்கிறது. ஒருவேளை சரியாகவும் கூடும். ஆனால் உள்ளே இருந்தவற்றை மீட்பது அரிதாகிவிடும். கருவியின் விலை சில ஆயிரம் ரூபாய். உள்ளே இருப்பதற்கு விலையே இல்லை. இவற்றுள் எதனைக் காக்க முற்படுகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொண்டால், அடுத்துச் செய்ய வேண்டியது யாது என்பது தானே விளங்கும்.

கணிப்பொறி ஏன் உறைகிறது என்பதைச் சற்று விரிவாகவே காண்போம். வன்தட்டினை இணைத்தவுடன் இரண்டிற்குமிடையே ஓர் உரையாடல் தொடங்குகிறது. ‘நீ யார்? உன் கொள்ளளவு எவ்வளவு? உன் முதற்பகுதியைக் காட்டு’ எனக் கணிப்பொறி வினவுகிறது. அதற்கு விடை கிடைத்தபின், கோப்புகளின் அட்டவணையைக் கேட்கிறது. இதற்குள் வைரஸ் தடுப்பு மென்பொருள் தன் பங்கிற்குக் கோப்புகளைத் திறந்து பார்க்க முனைகிறது. படங்களைச் சிறு உருவில் காட்டும் பகுதி இன்னும் பல படங்களைக் கேட்கிறது. நல்ல நிலையிலுள்ள வன்தட்டு இவற்றிற்கெல்லாம் கண்ணிமைப் பொழுதில் விடையளிக்கும். விடை வராதபோது கேட்டவர் காத்திருக்க நேர்கிறது. விண்டோஸ் கணிப்பொறிகளில் கோப்புகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் எனும் மென்பொருளே திரையின் முகப்பையும் அடியிலுள்ள பட்டையையும் பொறுப்பேற்றுக் காட்டுகிறது. அது வன்தட்டின் வாயிலில் நின்று காத்திருக்கையில், வீட்டுக்காரர் கண்ணுக்குக் கணிப்பொறி முழுவதுமே செத்துவிட்டதாகத் தோன்றுகிறது.

அக்காத்திருப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும்? ஒரு வினாவிற்கு விண்டோஸ் வழக்கமாக 60 விநாடிகள் வரை பொறுத்திருக்கும். லினக்ஸ் 30 விநாடிகள் பொறுத்திருக்கும். அக்காலம் கடந்தபின் இணைப்பை முறித்துப் புதிதாகத் தொடங்கி அதே வினாவை மீண்டும் எழுப்பும். பல வினாக்கள் வரிசையில் நின்றால், பத்து நிமிடம் உறைந்து நிற்றல் வியப்பன்று.

இனி வன்தட்டின் பக்கம் நின்று பார்ப்போம். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கடுக்காய் நின்று சுழன்றன. அவை அனைத்திலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகளையே பொறிக்க முடிந்தது. கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இன்று அவ்வளவு இடத்தை நிரப்பிவிடும். கருவி சுருங்கியதே அன்றி, அமைப்பு பெரிதும் மாறவில்லை. இன்றும் காந்தப் பூச்சுள்ள தட்டு சுழல்கிறது; சிறு வன்தட்டுகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 சுற்று. தட்டின்மேல் மயிரிழைப் பருமனின் பல்லாயிரத்தில் ஒரு பங்கான உயரத்தில் வாசிக்கும் முனை மிதந்து செல்கிறது. ஒரு சுற்றிற்கு ஏறத்தாழ 11 மில்லிவிநாடி. தட்டின் ஓரிடம் நலிந்து, அங்குள்ளதைப் படிக்க இயலாவிடில், வன்தட்டு அடுத்த சுற்றில் மீண்டும் முயலும்; முனையைச் சற்றே நகர்த்தி மீண்டும் முயலும்; இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை முயலும்.

ஈண்டு ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. பெரிய நிறுவனங்களில் பல வன்தட்டுகளை ஒரே தொகுதியாகப் பிணைத்து வைப்பதுண்டு. அவற்றிற்கெனச் செய்யப்பெறும் வன்தட்டுகள் ஏறத்தாழ 7 விநாடிகள் முயன்று பார்த்து, ‘இயலவில்லை’ எனச் சொல்லி விலகிவிடும். அவ்வாறு விலகுவதில் தீங்கில்லை. இழந்ததைத் தொகுதியிலுள்ள ஏனைய தட்டுகளைக் கொண்டு ஈடுசெய்துகொள்ளலாம். வீட்டு வன்தட்டிற்கு அத்தகைய துணை கிடையாது. தன்னிடம் உள்ளதே ஒரே பிரதியாக இருக்கக்கூடும் என்ற கணக்கில், அது ஒரு நிமிடத்திற்கு மேலும் விடாது போராடும். நாம் வெறுப்புடன் நோக்கும் அந்த உறைவு, பல வேளைகளில் அப்போராட்டத்தின் மறுபக்கமே. நலிந்த தட்டில் இப்போராட்டம் நிகழ்கையில் நலிவும் வளரக்கூடும். எனவேதான் இருபது முறை செருகிப் பார்ப்பது வெறும் காலவிரயம் மட்டுமன்று, உள்ளிருப்பதைச் செலவழிப்பதுமாகும்.

எனினும் உறைவு எல்லாம் சாவின் அறிகுறி எனக் கொள்ளல் வேண்டா. சிறிது நேரம் பயன்படுத்தாதிருந்தால் வன்தட்டு சுழற்சியை நிறுத்தி ஓய்வு கொள்ளும். மீண்டும் சுழலச் சில விநாடிகள் ஆகும். அதுவரை திரை நிற்பது இயல்பே. வேறொன்றும் உண்டு. அண்மைக் காலத்துச் சிறு வன்தட்டுகள் பலவற்றில், இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, கூரையில் ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் விளிம்பை அடுத்த தடம் மூடும்படி பொறிக்கின்றனர். ஓர் ஓட்டை மாற்ற அதன்மேல் உள்ளவற்றையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பது போல, பெருந்தொகையான கோப்புகளை எழுதும்போது அத்தட்டு இடையிடையே நின்று தன் வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். இது பழுதன்று. பொறுத்திருந்தால் நகரும்.

இவை நீங்கலாக, முதன்முதலில் ஐயுற வேண்டுவது மின்சாரத்தையும் கேபிளையுமே. பலரும் இதனை அற்பமெனத் தள்ளுகின்றனர். நம் கருத்தில் இதுவே முதலிடம் பெறத்தக்கது, ஏனெனில் இதனைச் சோதிப்பதால் உள்ளிருப்பதற்கு ஊறு நேர்வது அரிது. சிறு வன்தட்டு தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே பெறுகிறது. 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் தரத் துளை 500 மில்லிஆம்பியரும், 2008ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற மூன்றாம் தரத் துளை 900 மில்லிஆம்பியரும் அளிக்கும்படி அமைந்தவை. இரண்டாம் தரத் துளையின் உட்புறம் பெரும்பாலும் கறுப்பாகவும், மூன்றாம் தரத்தினது பெரும்பாலும் நீலமாகவும் இருக்கும். வன்தட்டிற்கு மிகுதியான மின்சாரம் தேவைப்படுவது, நின்றிருக்கும் தட்டைச் சுழலச் செய்யும் முதல் நொடியில். அந்நொடியில் மின்சாரம் போதாவிடில், தட்டு சுழலத் தொடங்கி ஓயும். மீண்டும் தொடங்கி மீண்டும் ஓயும். கணிப்பொறியில் ‘இணைந்தது’, ‘பிரிந்தது’ என்பதற்கான மணியோசைகள் மாறி மாறிக் கேட்டால், மின்சாரக் குறைவை முதலில் நினைக்கலாம்.

மேசைக் கணிப்பொறியாயின் முன்புறத் துளையை விட்டுப் பின்புறத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பின்புறத் துளைகள் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டவை. முன்புறத்தவை உள்ளே ஒரு கம்பி வழியாக நீட்டப்பட்டவை. ஒரு துளையைப் பலவாக்கும் ‘ஹப்’ எனும் கருவியின் வழியாகச் செருகியிருந்தால் அதனை நீக்கி நேராகச் செருகுக. கேபிளையும் மாற்றுக. மூன்றாம் தர வன்தட்டுகள் பலவற்றில் கேபிளின் ஒரு முனை தட்டையாய், அகன்று, நடுவில் பிளவுபட்டாற்போல் இருக்கும். அது எளிதில் தளர்ந்துவிடும் இயல்பினது. வெளியே முழுமையாகத் தோன்றும் கேபிளினுள் ஓர் இழை அறுந்திருந்தாலும் கணிப்பொறி திகைத்து நிற்கும். சுவரிலிருந்து தனி அடாப்டர் வழியாக மின்சாரம் பெறும் பெரிய வன்தட்டாயின், அந்த அடாப்டரே நலிந்திருக்கக்கூடும். வேறொரு கருவியின் அடாப்டரை மாட்டுமுன் அதில் பொறித்துள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகள் ஒத்துள்ளனவா என்று பார்த்தே மாட்ட வேண்டும்.

கணிப்பொறியை இயக்கும்போதே வன்தட்டு செருகியிருந்து, நிறுவனத்தின் பெயர் தோன்றும் முதல் திரையிலேயே நின்றுவிட்டால், காரணம் வேறு. தன்னை இயக்கும் மென்பொருள் அவ்வன்தட்டில் இருக்கிறதோ எனக் கணிப்பொறி தேடுகிறது. வன்தட்டினைக் கழற்றிவிட்டு இயக்கி, முகப்பு தோன்றியபின் இணைத்தால் போதும். பயாஸ் அமைப்பில் தேடும் வரிசையை மாற்றினால் தொல்லை அடியோடு நீங்கும்.

அடுத்து, குற்றவாளி யார் என்பதை மாற்றிப் பார்த்து அறிய வேண்டும். அதே கணிப்பொறியில் வேறொரு பென்டிரைவைச் செருகுக. அது நன்கு இயங்கினால் துளையின்மேல் ஐயம் குறைகிறது. வன்தட்டினை வேறொரு கணிப்பொறியில் ஒருமுறை, ஒரே ஒரு முறை, செருகுக. அங்கு நன்கு இயங்கினால் முதற் கணிப்பொறியின் மென்பொருளிலோ மின்சாரத்திலோ கோளாறு உள்ளது. விண்டோஸைப் பாதுகாப்பு நிலை எனப்படும் ‘சேஃப் மோட்’ வழியாக இயக்கி, அந்நிலையில் வன்தட்டு திறந்தால், வைரஸ் தடுப்பு போன்ற ஏதோ ஒரு மென்பொருளே தடையாய் நிற்கிறது எனத் துணியலாம். இரண்டு கணிப்பொறிகளிலும் ஒரே விதமாய் உறைந்தால், பழுது வன்தட்டில்தான் என்பது ஏறக்குறைய உறுதி.

நாம் அறிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் தகும். அவர்தம் மனைவி பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்லும் குரலைப் பல ஆண்டுகளாக ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருந்தார். அம்மையார் மறைந்தபின், அவை யாவும் கணிப்பொறிக் கோப்புகளாக்கப்பட்டு வன்தட்டில் ஏறின. பூஞ்சை பிடித்த ஒலிநாடாக்கள் கழிக்கப்பட்டன. ஒரு மாலை அவ்வன்தட்டு கணிப்பொறியை உறையச் செய்தது. நாம் சென்றபோது கல்லூரியில் பயிலும் பேரன் அதனை ஏழாம் முறையாகக் கையிலெடுத்திருந்தான். “தாத்தா, இன்னும் ஒரே ஒரு தடவை செருகிப் பார்க்கிறேன்” என்றான். பெரியவர் கையை நீட்டி, “வேண்டாம் ராசா, அதைக் கீழே வை. உள்ளே பாட்டி இருக்கிறாள்” என்றார். பேரன் வைத்துவிட்டான். அன்று அவ்வீட்டில் செய்யப்பட்டவற்றுள் மிகச் சிறந்தது அதுவே. இரு கணிப்பொறிகளில் உறைந்ததை அவர்கள் முன்னரே கண்டிருந்தனர். ஆகவே ஐயத்திற்கு இடமில்லை. அதன்பின் செய்யப்பட்டது பழுதுபார்ப்பு அன்று, படியெடுப்பு.

படியெடுப்பது எங்ஙனம்? சாதாரணமாகக் கோப்புகளை இழுத்து வைத்தால், முதல் நலிந்த இடத்திலேயே யாவும் நின்றுவிடும். இதற்கெனவே உருவாக்கப்பட்ட மென்பொருள் உண்டு. அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் எழுதிய ‘ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ’ விலையின்றிக் கிடைப்பது, லினக்ஸில் இயங்குவது. ஒரு பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி அதனைப் பயன்படுத்தலாம். அதன் முறை எளிய விவேகம் நிறைந்தது. எளிதாகப் படிக்கக்கூடிய இடங்களை எல்லாம் முதற்சுற்றில் படியெடுத்துவிடும். நலிந்த இடம் எதிர்ப்பட்டால் அங்கே நின்று போராடாது தாண்டிச் செல்லும். எதைத் தாண்டினோம் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். நல்லவை யாவும் கரையேறியபின்னரே திரும்பி வந்து, நலிந்தவற்றைச் சிறிது சிறிதாய்ச் சுரண்டியெடுக்கும். இடையில் மின்சாரம் நின்றாலும் குறிப்பேட்டைக் கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படியெடுக்கப்படும் புதிய வன்தட்டு, பழையதற்குச் சமமான அல்லது மிகுதியான கொள்ளளவு உடையதாயிருத்தல் வேண்டும். மூலம் எது, படி எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே பழக்கமில்லாதார் அறிந்த ஒருவரை அருகிருத்திக்கொள்வதே நன்று. தலைமையாசிரியர் இல்லத்தில் இரண்டு பகல், இரண்டு இரவு இப்பணி நடந்தது. குரற்பதிவுகளில் பெரும்பாலானவை முழுமையாகவும், மூன்று பதிவுகள் இடையிடையே அறுந்தும் கிட்டின.

படியெடுக்குமுன் வன்தட்டின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள இயலாதா என்று வாசகர் வினவக்கூடும். இயலும். வன்தட்டு தன்னைப்பற்றித் தானே ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறது. ‘ஸ்மார்ட்’ என்பது அதன் பெயர். ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ எனும் இலவச மென்பொருள் அதனைப் படித்துக் காட்டும். அதில் 5ஆம் குறிப்பு, நலிந்ததால் வேறிடத்திற்கு மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197ஆம் குறிப்பு, படிக்க இயலாது காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது சுழியாக இல்லாவிடில் உடனே படியெடுக்க வேண்டும். ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தார் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. சோதனையில் முதல் பிழை தோன்றிய வன்தட்டு, பிழையே தோன்றாத வன்தட்டினைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு என்று அவர்கள் கண்டனர். அதே அறிக்கை மற்றொன்றையும் கூறுகிறது: செயலிழந்த வன்தட்டுகளுள் பாதிக்கு மேற்பட்டவை, முதன்மையான நான்கு குறிப்புகளில் எதிலும் எச்சரிக்கை காட்டாமலே செயலிழந்தன. ஆகவே நாட்குறிப்பு தீமையைச் சொன்னால் நம்புக. நன்மையைச் சொன்னால் முழுதும் நம்பற்க.

செய்யத்தகாதனவற்றையும் கூறிவிடுவோம். வன்தட்டினை இணைத்ததும், ‘இதில் சிக்கல் உள்ளது, சோதித்துச் சரிசெய்யட்டுமா’ என்று விண்டோஸ் வினவுவதுண்டு. கோப்பு அட்டவணை மட்டும் குழம்பியிருந்தால் அச்சோதனை நன்மை தரும். தட்டே நலிந்திருந்தால் அதனை முழுவதும் அலைக்கழித்து, அட்டவணையையும் திருத்தி எழுதிவிடும். எது நேர்ந்துள்ளது என்பது நமக்குத் தெரியாத நிலையில், படியெடுக்கும் வரை ‘வேண்டாம்’ என்பதே விடை. வன்தட்டினைக் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் உயிர்பெறும் என்றொரு கைவைத்தியம் பலகாலமாய் உலவிவருகிறது. நம் ஊர் வெப்பத்தில் வெளியே எடுத்ததும் தட்டின்மேல் நீர்த்துளி படியும். வாசிக்கும் முனை அதில் மோதும். இதனைப் பரிந்துரைப்பார் தம் சொந்த வன்தட்டில் செய்து பார்ப்பாராக! தட்டிப் பார்ப்பதும், உள்தட்டு மூடிய உறையைத் திறந்து பார்ப்பதும் அதனினும் கேடானவை. ஒரு தூசியே அம்முனைக்கு மலை.

அட்டவணைக் குழப்பத்திற்குப் பெருங்காரணம், எழுதி முடியுமுன் கேபிளைப் பிடுங்குவது. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பு முதல், புறக்கருவிகளை உடனே கழற்றத்தக்க நிலையில் வைப்பதே இயல்பு அமைப்பாயிற்று. எனினும் கோப்பு எழுதப்படும் அதே கணத்தில் பிடுங்கினால் எந்த அமைப்பும் காக்காது. முறைப்படி விடுவித்து, தட்டின் சுழற்சி ஓய்ந்தபின் கழற்றுவதே முறை. சுழலும் தட்டைத் தூக்கி நடத்தல் தகாது.

படி கையில் வந்தபின் பழைய வன்தட்டினை ஃபார்மட் செய்து சோதித்துப் பார்க்கலாம். கேபிளோ மின்சாரமோ காரணமாயிருந்தால் அது மீண்டும் பயன்படும். தட்டு நலிந்திருந்தால், மலிவான வேலைக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டா. புதிய படியோ, இப்போது அதுவே ஒரே பிரதி என்பதை மறவாது, அந்த வாரத்திலேயே இன்னொரு வன்தட்டில் படியெடுத்து உறவினர் ஒருவர் இல்லத்தில் வைத்தல் நலம்.

வன்தட்டு சுழலவே இல்லை, அல்லது ‘டிக் டிக்’ என ஒரே சீராய் ஒலிக்கிறது என்றால், வீட்டுமுயற்சியை அத்துடன் நிறுத்திக்கொண்டு, கோப்பு மீட்பு நிலையங்களை நாடுவதே தக்கது. வெளிப்பெட்டியைக் கழற்றி உள்தட்டினை நேரே கணிப்பொறியில் மாட்டலாம் என்று கடைக்காரர் கூறின், ஒன்றைக் கேட்டறிக. சிறு வன்தட்டுகள் சிலவற்றில் யு.எஸ்.பி. துளை உள்தட்டின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அப்பலகை உள்ளிருப்பதை மறைகுறியாக்கி எழுதும். அவற்றிற்கு அவ்வழி பயன்படாது. மீட்பு நிலையத்தில் கட்டணத்தை முன்னரே எழுதி வாங்குக. வன்தட்டு எப்போது விழுந்தது, எத்தனை முறை செருகப்பட்டது, எந்த மென்பொருள்கள் அதன்மேல் ஓட்டப்பட்டன என்பவற்றை ஒன்றும் மறையாது அவர்களிடம் கூறுக. எந்தக் கோப்புகள் முதலில் வேண்டும் என்பதையும், அவற்றின் பெயர் நினைவிருப்பின் அப்பெயர்களையும், ஒரு தாளில் எழுதிக் கொடுக்க.